நன்றியுரை

நம் ஊரில் தமிழ் விழா எதுவானாலும் கடைசி நிகழ்ச்சி நன்றியுரைதான். பாதிக் கூட்டம் எழுந்து சாப்பாட்டு வரிசைக்குப் போயிருக்கும். அப்போதும் ஒலிபெருக்கி கொண்டுவந்தவர், நாற்காலி அடுக்கியவர், கேசரி கிண்டியவர் என்று ஒருவரையும் விடாமல் பேர் சொல்லியாக வேண்டும். ஒரு பேர் விட்டுப்போனாலும் அடுத்த வருடம் நன்கொடை வராது. இத்தனை நன்றியுணர்ச்சி உள்ள சமூகம், ஆங் மோ கியோவில் ஓர் இளம்பெண்ணின் லித்தியம் மாத்திரையை நிறுத்திவைக்க இரவுபகல் பாராமல் உழைத்தவர்களை மட்டும் மேடையேற்றாமல் விட்டுவிட்டது. அந்தக் குறையைத் தீர்த்துவைக்கிறேன். சாப்பாடு பிறகு.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அந்தப் பெண் ஒருத்தி அல்ல. கேட்டும் பார்த்தும் அறிந்த சில வீடுகளை ஒட்டுப்போட்டுச் செய்தவள். ஆகவே, ‘இது எங்கள் வீட்டுக் கதை’ என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வந்தால் மகிழ்ச்சி, இப்போதாவது ஒத்துக்கொண்டீர்களே. சிங்கப்பூரில் 2016-இல் நடந்த மனநல ஆய்வு வீடுவீடாகப் போய் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டது. வாழ்நாளில் ஒருமுறையாவது இருமுனைய மனநோய் கண்டவர்கள் 1.6 விழுக்காடு. 2010 ஆய்வில் அது 1.2. அறுபது பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவென்யூ 3-இலிருந்து அவென்யூ 10 வரை எத்தனை புளோக், ஒரு புளோக்கில் எத்தனை வீடு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். காலையில் உங்களோடு லிஃப்டில் இறங்கி, எம்ஆர்டியில் உங்களோடு நெரிந்து நிற்பவர்கள்தான் இவர்கள்.

அவளுக்கு வந்தது இதுதான். ஒரு கட்டத்தில் நான்கு நாள் தூக்கமே இல்லை, களைப்பும் இல்லை. விடிகாலை மூன்று மணிக்கு வீட்டைத் தலைகீழாக அடுக்கினாள். கிரெடிட் கார்டு வரம்பு தீரும்வரை வாங்கினாள். உலகத்தையே திருத்தும் திட்டம் ஒன்று வைத்திருந்தாள். பிறகு இன்னொரு கட்டம்: பல் துலக்குவதற்குக்கூட எழ முடியாமல் வாரக்கணக்கில் சுவரைப் பார்த்துக் கிடந்தாள். இந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் பிடித்து நிறுத்த ஒரு மருந்து இருக்கிறது. ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1949-இல் கண்டு எழுதியது. லித்தியம். மண்ணில் கிடைக்கும் ஓர் உப்பு, விலை மலிவு. ரத்தத்தில் அது லிட்டருக்கு 0.6-இலிருந்து 1.0 மில்லிமோல் வரை நின்றால் நோய் பெரும்பாலும் அடங்கியிருக்கும். இருமுனைய நோயாளிகள் தற்கொலையில் இறப்பது மற்றவர்களைவிட இருபது, முப்பது மடங்கு அதிகம். அந்த ஆபத்தைக் குறைப்பதாக அதிகச் சான்று உள்ள மருந்துகளில் முதலாவது லித்தியம்.

ஆக, மருந்து இருக்கிறது. நம் சொந்தபந்தங்களின் உழைப்பு இல்லாமல் போயிருந்தால் அது வேலையும் செய்திருக்கும்.

முதல் பொன்னாடை பெரியம்மாவுக்கு. சிராங்கூன் சாலைக் கோயில் ஒன்றின் மண்டபத்தில் கல்யாணம். வாசலில் சந்தனம் எடுத்துக்கொள்ளுமுன்பே பெரியம்மா குரல் கேட்டது: “என்னம்மா இப்படி ஊதிட்டே?” பக்கத்தில் ஆறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தோள்பட்டையைத் தடவி எடையைச் சரிபார்த்துவிட்டு அடுத்த கேள்வி: “காப்பி டம்ளர் ஏன் இப்படி ஆடுது? ஏதாச்சும் பழக்கம் கிழக்கம் இருக்கா?” கை நடுங்குவது லித்தியத்தால். எடை கூடியது, கூடவே கொடுக்கும் ஓலன்சபின் போன்ற மாத்திரையால். நா வறண்டு ஓயாமல் தண்ணீர் குடிப்பதும், பந்தியில் உட்கார்ந்தவள் இரண்டு தடவை எழுந்து கழிப்பறைக்கு ஓடுவதும் மருந்தின் வேலைதான். இவை மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ சரிசெய்யக்கூடியவை. ஆனால் பெரியம்மா மருத்துவர் அல்ல, நீதிபதி. தீர்ப்பு அங்கேயே சொல்லப்பட்டது: “இப்படியே போனா எவன் கட்டுவான்?” அன்று இரவு அவள் ஓலன்சபினை விட்டாள். ஒரு வாரம் கழித்து லித்தியத்தையும் விட்டாள். பெரியம்மா சாதித்ததை எந்த மருந்துக் கம்பெனியின் போட்டியாளரும் சாதித்திருக்க முடியாது.

அடுத்து அம்மா, அப்பா. இவர்களைத் திட்ட மனம் வரவில்லை, பயந்தவர்கள். ஆனாலும் பட்டியலில் உண்டு. மாத்திரை டப்பா வீட்டில் எங்கே இருக்கும் தெரியுமா? பழைய மைலோ டின்னுக்குள், அரிசி மூட்டைக்குப் பின்னால். விருந்தாளி வந்தால் அந்த டின்னும் இடம் மாறும், படுக்கையறைக் கட்டிலுக்கடியில். தீபாவளி வாரத்தில் விருந்தாளி வராத நாளே கிடையாது. அந்த வாரம் முழுக்க டின் எங்கே என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. “வெளியே சொல்லிடாதே” என்ற ஒரு வாக்கியத்தின் மேல் ஒரு மூவறை வீடு முழுவதும் நிற்கிறது. மறைத்துச் சாப்பிட வேண்டிய மாத்திரையை ஒரு பெண் எத்தனை வருடம் சாப்பிடுவாள்? அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரை மட்டும் சாப்பாட்டு மேசை நடுவில், ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில், ராஜாவாட்டம் உட்கார்ந்திருக்கிறது.

இங்கே உலகச் சுகாதார நிறுவனத்தையும் கூப்பிட வேண்டும். 2003-இல் அது ஓர் அறிக்கை வெளியிட்டது. வளர்ந்த நாடுகளில்கூட, நீண்டகால நோய்க்கு மருந்து எழுதிக் கொடுத்தால் சராசரியாகப் பாதிப்பேர்தான் சொன்னபடி சாப்பிடுகிறார்கள் என்றது. சர்க்கரை, அழுத்தம், ஆஸ்துமா எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்தி. சர்க்கரைக்காரர் மாத்திரையை விட்டால் நாம் சொல்வது, “பாவம், வேலை அலைச்சல்.” இவள் விட்டால் சொல்வது, “திமிரு.”

வாட்ஸாப் சித்தப்பா வந்திருக்கிறாரா? வாருங்கள், உங்களுக்கு மாலையும் உண்டு. இதயத்தில் இரண்டு ஸ்டென்ட். காலையில் மூன்று, இரவில் இரண்டு என்று மாத்திரை தவறாதவர். அவர்தான் அண்ணன் மகளுக்குச் சொன்னார்: “அதெல்லாம் கெமிக்கல்மா. கிட்னி போயிடும்.” இதில் கால்வாசி உண்மை இருப்பதுதான் அபாயம். லித்தியம் நீண்டகாலத்தில் சிறுநீரகத்தையும் தைராய்டையும் பாதிக்கலாம். அதற்காகத்தான் சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். சித்தப்பா அந்த இரண்டாம் பாதியை ஃபார்வர்ட் செய்யவில்லை. பதிலுக்குத் தேக்காவில் வாங்கிய ஒரு சூரணப் பொட்டலத்தைக் கொடுத்தார். அதில் என்ன இருக்கிறது என்று பொட்டலத்தில் எழுதவில்லை. அவர் கேட்கவும் இல்லை. கெமிக்கல் பயம் அவருக்கு ஆங்கில மருந்துக்கடை வாசலோடு நின்றுவிடுகிறது.

சித்தப்பாவின் இன்னொரு யோசனை, “உப்பைச் சுத்தமா நிறுத்திடு.” கொஞ்சம் நின்று கவனியுங்கள், இது சிரிக்கிற இடம் இல்லை. உடம்பில் சோடியம் திடீரென்று குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். ரத்தத்தில் அளவு ஏறும். 1.5-ஐத் தாண்டினால் விஷம்: வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், குழறும் பேச்சு. வியர்த்து நீர் வற்றினாலும் இதே கதை. முட்டிவலிக்கு நாம் கை மாற்றிக் கொடுக்கும் ஐபுப்ரோஃபென் மாத்திரையாலும் இதே கதை. இவ்வளவையும் ஒருவரும் சொல்லாமல், லித்தியத்தை மறுபடி சாப்பிடத் தொடங்கியிருந்தவளைத் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கவைத்தார்கள். முந்தைய நாள்களில் ஒருபொழுது விரதம். அன்றைக்குப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை கொதிக்கிற தார்ச்சாலையில் வெறுங்கால் நடை. பாதி வழியில் அவள் தள்ளாடினாள். சுற்றி நின்றவர்கள் அருள் வந்துவிட்டது என்று கை கூப்பினார்கள்! வேல் வேல் என்றார்கள்! ஆம்புலன்ஸ் கூப்பிட்டது ஒரு மலாய்க்காரத் தாதி. கடமை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்.

விரதத்தை நான் குறை சொல்லவில்லை. முருகன் எந்தக் காலத்திலும் மருந்தை நிறுத்தச் சொன்னதில்லை, சொன்னதெல்லாம் உறவினர்கள். விரதத்துக்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன செய்யலாம், செய்யக்கூடாது என்று சொல்லியிருப்பார். கேட்கவில்லை. கேட்டால் விஷயம் வெளியே தெரிந்துவிடுமே.

அதற்குப் பிறகுதான் அவளைத் தமிழ்நாட்டுச் சொந்த ஊருக்கு அழைத்துப்போய் ‘முறையாக’ மந்திரிக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. முறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நமக்கு ஒரு தேதி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6, விடிகாலை. இராமநாதபுரம் மாவட்டம், ஏர்வாடி. தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளைக் காசு வாங்கிக்கொண்டு அடைத்துவைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்தார்கள். 28 பேர் எரிந்து செத்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் யார்? பெரியம்மாக்கள், சித்தப்பாக்கள், அப்பாக்கள். அத்தனை பேரும் பாசத்தோடுதான் விட்டுவிட்டு வந்தார்கள். பிறகு தமிழ்நாடு அரசு அந்த தர்காவிலேயே மருந்தும் துவாவும் சேர்ந்து கிடைக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதற்கு 28 பிணம் தேவைப்பட்டது.

கலையுலகத்துக்கும் நன்றி. 2012-இல் ‘3’ என்று ஒரு படம். கொலவெறிப் பாட்டுக்கு உலகமே ஆடியது. லிட்டில் இந்தியாவில் அந்த மாதங்களில் அது ஒலிக்காத கடை இல்லை. அந்தப் படத்தின் நாயகனுக்கு என்ன நோய் என்று இப்போது யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். இருமுனைய நோய்தான். நோயைக் காதல் மனைவியிடம் மறைக்கிறான், ஆட்டம் முற்றுகிறது, கடைசியில் தன்னை மாய்த்துக்கொள்கிறான். மருந்து சாப்பிட்டு, வேலைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு மார்க்கெட்டுக்குப் போகிற இருமுனைய நோயாளி நம் சினிமாவில் இன்னும் பிறக்கவில்லை. அவனை வைத்துப் படம் எடுத்தால் ஓடாது. அப்படிப்பட்டவர்கள் பக்கத்துப் புளோக்கில் இருக்கிறார்கள், வாயைத் திறக்காமல்.

சினிமா கற்றுக்கொடுத்த ‘மறைத்துக் கட்டு’ பாடத்தைத் தரகர் அட்சரம் பிசகாமல் பின்பற்றினார். அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாமியார் வீட்டில் கைப்பையைத் திறந்து பார்க்கும் பழக்கம் உண்டு. ஆகவே மாத்திரை அலுவலக மேசை இழுப்பறைக்குப் போனது. சனி, ஞாயிறு மருந்து இல்லை. பிறகு குழந்தை வேண்டும் என்ற நெருக்கடி. அவள் லித்தியத்தை நிறுத்தியதால் நடுவில் வேல்ப்ரோயேட் என்ற மருந்துக்கு மாற்றியிருந்தார்கள். கர்ப்பத்தில் அதைச் சாப்பிட்டால் பத்துக் குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவிக்கோளாறு வரக்கூடும். வளர்ச்சியில் பின்தங்கும் குழந்தைகள் அதைவிட அதிகம். ஆகவே கருத்தரிக்குமுன் மருத்துவரோடு உட்கார்ந்து மாற்று மருந்தைத் திட்டமிட வேண்டும். கணவனுக்கே தெரியாத நோய்க்கு எந்த மருத்துவரோடு உட்காருவது? இணையத்தில் ‘வேல்ப்ரோயேட் குழந்தை’ என்று தேடினாள், படித்தாள், இரவோடிரவாக நிறுத்தினாள். பிள்ளை பெற்ற முதல் வாரங்கள் இந்த நோய் திரும்பிவருவதற்குப் பேர்போன காலம். வந்தது. மாமியார் பதினாறாம் நாள் சடங்கில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: “பைத்தியத்தைக் கட்டிவச்சு ஏமாத்திட்டாங்க.”

ஏமாற்றியது உண்மைதான். யாரை என்பதில்தான் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு.

அவள் பங்கையும் மறைக்கக்கூடாது. மருந்தை விட்டதில் அவளுக்கும் ஓர் ஆசை இருந்தது. அந்த ஏற்றத்தின் நாள்கள் இனித்தன. கவிதை வந்தது, சிரிப்பு வந்தது, உலகம் நிறமாக இருந்தது. மாத்திரை அதையெல்லாம் சாம்பலாக்கிவிட்டது என்று அவள் நினைத்தாள். தவிர இந்த நோயின் தந்திரமே, தலைக்கேறும்போது ‘உனக்கு நோயே இல்லை’ என்று காதில் சொல்வது. கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் அமெரிக்காவின் பெரிய மனநல அறிஞர். 1990-இல் இந்த நோயைப் பற்றிப் பாடநூல் எழுதியவர்களில் ஒருவர். அவருக்கே இந்த நோய். அவரும் லித்தியத்தை விட்டுவிட்டு உயிர்போகும் நிலைக்குப் போனவர்தான். 1995-இல் வந்த தன் நூலில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். பாடநூல் எழுதியவரே தடுமாறியிருக்கிறார். நம் பெண்ணுக்கோ பாடநூலாக இருந்தவர் சித்தப்பா.

அரசாங்கத்துக்கு நன்றி சொல்லாமல் விழா நிறைவுபெறாது. நல்லதை முதலில் சொல்கிறேன், பிறகு வம்பு. இந்த நோய்க்கான வெளிநோயாளிச் செலவுக்கு மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் பணத்தை எடுக்கலாம், பதினைந்து விழுக்காட்டைக் கையிலிருந்து கட்டினால் போதும். தற்கொலை முயற்சி 2020-இலிருந்து குற்றம் இல்லை. 2023 அக்டோபரில் தேசிய மனநல வியூகம் வந்தது. பாலிகிளினிக்குகளில் எல்லாம் மனநலச் சேவை என்றார்கள். மனநல உதவிக்கு அழைக்க 1771 என்று ஓர் எண்ணும் வந்துவிட்டது. எல்லாம் சரி. ஆனால் மானிய வகுப்பு நோயாளி தன் நிபுணரைத் தானே தேர்ந்தெடுக்க முடியாது. இந்த முறை ஒருவர், அடுத்த முறை இன்னொருவர். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து, “எப்போது தொடங்கியது?” என்ற கேள்விக்கு வாழ்க்கை முழுவதையும் சில நிமிடத்தில் ஒப்பிக்க வேண்டும். கை நடுங்குவதைச் சொல்லும் தைரியம் மூன்றாவது சந்திப்பில்தான் வரும். மூன்றாவது சந்திப்பில் எதிரே இருப்பவர் புதியவர். மருத்துவரை நம்பினால்தான் மருந்தை நம்புவார்கள் என்பது பாலிகிளினிக்கில் வரிசை எண்ணோடு உட்கார்ந்திருக்கும் ஆயாவுக்குக்கூடத் தெரியும்.

ஊரார் பங்கு தனி. பழைய மனநோய் ஆஸ்பத்திரி ஆங் மோ கியோவுக்குப் பக்கத்திலேயே, இயோ சூ காங் சாலையில் இருந்தது. 1928-இல் திறந்தது, 1951-இல் வுட்பிரிட்ஜ் என்று பேர் பெற்றது, 1993-இல் புவாங்கொக்குக்கு மாறியது. அந்த வட்டாரத்தில் ஜாலான் வுட்பிரிட்ஜ் என்று ஒரு தெரு. அங்கே குடியிருந்தவர்களுக்கு விலாசம் சொல்ல வெட்கம். பேரை மாற்றச் சொன்னார்கள், மாற்றப்பட்டது. இப்போது அது ஜெரால்ட் டிரைவ். ஜெரால்டுக்கு மனநோய் இல்லை என்ற உத்தரவாதத்தோடு அங்கே நிம்மதியாகத் தூங்கலாம். தெருப்பலகையில் இருந்த பேரையே தாங்க முடியாதவர்கள், பக்கத்து வீட்டுக்காரி தினமும் மாத்திரை போட்டுக்கொள்வதைத் தாங்குவார்கள் என்று எதிர்பார்க்கிறோம். தேசிய சமூகச் சேவை மன்றத்தின் ஆய்வில், மனநோய் உள்ளவரோடு ஒரே வீட்டிலோ அண்டையிலோ ஒரே வேலையிடத்திலோ இருக்க விருப்பமில்லை என்றவர்கள் பாதிக்கு மேல். அதற்குப் பிறகுதான் 2018-இல் முத்திரை குத்தாதீர்கள் என்று பெரிய இயக்கம் தொடங்கினார்கள். சுவரொட்டிகள் நன்றாக இருந்தன.

கடைசிப் பொன்னாடை முதலாளிக்கு. விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும்: உங்களுக்கு மனநோய் உண்டா? ஆம் என்று குறித்தால் அழைப்பு வராது. இல்லை என்று குறித்தால் பொய் சொன்ன குற்றம். பிறகு மருத்துவச் சந்திப்புக்கு ஒவ்வொரு முறையும் பல் வலி, வயிற்றுவலி, தாத்தா இறந்துவிட்டார். தாத்தாக்கள் தீர்ந்ததும் சந்திப்புக்குப் போவது நிற்கும். சந்திப்பு நின்றால் ரத்தச் சோதனை இல்லை, மருந்துச் சீட்டும் இல்லை. 2020-இல் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது என்று முத்தரப்பு வழிகாட்டி சொன்னது. வழிகாட்டி என்பதால் பலர் வழியை மட்டும் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். 2025 ஜனவரி 8-இல் வேலையிட நியாயச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மனநோயைக் காரணம் காட்டி வேலை மறுப்பதும் வேலையைவிட்டு நீக்குவதும் இனிச் சட்டப்படி தவறு. கைதட்டலாம். தட்டும்போதே சிறிய எழுத்தையும் படித்துவிடுங்கள்: நிறைவேறிய நாளுக்கும் அமலுக்கு வரும் நாளுக்கும் நடுவே வருடக் கணக்கில் இடைவெளி. வந்த பிறகும், 25 பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கு விலக்கு.

அவள் இப்போது மறுபடியும் மருந்து சாப்பிடுகிறாள். மாத்திரை டப்பா அப்பா வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஊறுகாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. அப்பாவே எடுத்து வைத்தார். வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். தேக்காவில் ஒரு கணக்கர் அலுவலகத்துக்கு மனுப் போட்டிருக்கிறாள். அங்கே முதலாளியையும் சேர்த்து வேலை பார்ப்பவர்கள் பதினொரு பேர்.